டாக்டர் என்று கூப்பிட்டால் திரும்பத் தயங்கும் டாக்டருக்கு

கேள்வி:

எனக்கு வயது 23. அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இடம் கிடைத்து, அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் எம்.பி.பி.எஸ். முடித்தேன். இப்போது அதே மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜன், அதாவது பயிற்சி மருத்துவர். அப்பா லோடுமேன். எங்கள் ஊருக்கே முதல் டாக்டர் நான்தான். ஒரு பாடத்தில்கூட அரியர் வைத்ததில்லை. ஆனாலும் டாக்டர் வேஷம் போட்டுக்கொண்டு நிற்பதுபோலவே இருக்கிறது. ஒருநாள் எல்லாரும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயம் போகவில்லை.

சமீபத்தில் விடியற்காலையில், வயிற்று வலி என்று ஒருவரைக் கூட்டி வந்தார்கள். "ராத்திரி எங்க படுத்திருந்தீங்க?" என்று கேட்டேன். தரையில் என்றார். பார்த்தால் இரண்டு இமையும் லேசாக இறங்கியிருந்தது. உடனே மேற்படிப்பு (பி.ஜி.) படிக்கும் சீனியர் அண்ணாவைக் கூப்பிட்டேன். கட்டுவிரியன் கடி. எதிர்மருந்து ஏற்றி, ஐ.சி.யூ.வில் வைத்துப் பிழைக்க வைத்துவிட்டார்கள். ரவுண்ட்ஸில் சீஃப் எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார். எனக்கு அழுகைதான் வந்தது. எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். இதில் மருத்துவம் எங்கே இருக்கிறது? அது ஏதோ அதிர்ஷ்டம்.

முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீரை எடுக்கும் லம்பார் பங்ச்சர் (எல்.பி.) இன்னும் ஒன்றுகூடச் செய்ததில்லை. "யாரெல்லாம் இன்னும் பண்ணல?" என்று கேட்டால், வேறு வேலை இருப்பதுபோல நகர்ந்துவிடுவேன். டூட்டி முடிந்தபிறகும் கேஸ் ஷீட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டுத்தான் ஹாஸ்டலுக்குப் போகிறேன். "நீ 7.5-ல வந்தவதானே" என்று கூடப் படித்தவர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னது காதிலேயே நிற்கிறது. பி.ஜி. படிக்க ஆசை. எனக்கு அந்தத் தகுதி இருக்கிறதா? பேசாமல் ஏதாவது ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒதுங்கிவிடலாமா?

– பெயர் வேண்டாம், தென் மாவட்டம்

பதில்:

அன்புள்ள டாக்டர்,

தெரிந்தேதான் அப்படிக் கூப்பிடுகிறேன். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பயம், அழுகை, அந்த 7.5 பேச்சு எல்லாமே என்னைப் பாதித்தது. ஆனால் ஒரு மனநல மருத்துவராக என்னை அதிகம் கவலைப்பட வைத்தது நடுவில் வரும் ஒரு சின்ன வரி: "வேறு வேலை இருப்பதுபோல நகர்ந்துவிடுவேன்." அதற்கு வருகிறேன். அதற்கு முன் மற்றதைப் பேசிவிடுவோம்.

இந்த மனநிலைக்கு இம்போஸ்டர் சிண்ட்ரோம் என்று பெயர். நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1978-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த பாலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைப் பற்றி முதலில் எழுதினார்கள். படிப்பிலும் வேலையிலும் நன்றாக வந்திருந்த 150-க்கும் மேற்பட்ட பெண்களோடு பழகிய அனுபவத்தில் அவர்கள் கண்டது இது: பட்டம், பதவி, பாராட்டு எது வந்தாலும் அந்தப் பெண்கள் அதைத் தங்கள் கணக்கில் வரவு வைப்பதே இல்லை. அதிர்ஷ்டம், யாரோ செய்த தவறு, அன்றைக்குக் கேள்வித்தாள் சுலபம், தேர்வாளருக்கு என்மேல் இரக்கம் என்று எல்லாவற்றுக்கும் வெளியே ஒரு காரணம் வைத்திருந்தார்கள். தோல்வியை மட்டும் முழுதாகத் தங்கள் பெயரில் எழுதிக்கொண்டார்கள். நீங்களும் கட்டுவிரியனை அதிர்ஷ்டத்தின் கணக்கிலும், செய்யாத லம்பார் பங்ச்சரை உங்கள் கணக்கிலும் எழுதியிருக்கிறீர்கள்.

பெயரில் சிண்ட்ரோம் என்று இருந்தாலும் இது நோய் இல்லை. நாங்கள் நோயைக் கண்டறியப் பயன்படுத்தும் டி.எஸ்.எம்., ஐ.சி.டி. இரண்டு பட்டியல்களிலும் இது கிடையாது. எத்தனை பேருக்கு இருக்கிறது என்று கேட்டால் ஒரே பதிலும் கிடையாது. 62 ஆய்வுகளை, அவற்றில் கலந்துகொண்ட 14,000-க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு 2019 கடைசியில் வெளியானது. அளக்கும் முறையையும் எங்கே கோடு போடுகிறோம் என்பதையும் பொறுத்து, 9 சதவீதம் முதல் 82 சதவீதம் வரை கணக்கு மாறியது. இவ்வளவு அகலமான ஓர் எண்ணை வைத்துக்கொண்டு 'இத்தனை பேரில் ஒருவர்' என்று உங்களுக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். ஆண், பெண், மாணவர், பேராசிரியர், டாக்டர் என்று எல்லாரிடமும் இது தென்பட்டிருக்கிறது என்பது மட்டும் உறுதி. உங்கள் யூனிட்டில் நிமிர்ந்து நடக்கிற நான்கு பேரில் ஒருவருக்காவது இது இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

சரி, அந்த விடியற்காலைக்கு வருவோம். அதை நீங்கள் கடந்துபோன வேகம் எனக்குச் சம்மதமில்லை.

கட்டுவிரியன் எவ்வளவு ஏமாற்றும் பாம்பு என்பது உங்களுக்கே தெரியும். இரவில் வீட்டுக்குள் வரும். தரையில் தூங்குகிறவரைக் கடிக்கும். வீக்கம் இருக்காது, வலி பெரிதாகத் தெரியாது, பல் பட்ட தடம்கூடப் பல நேரம் கண்ணுக்குப் படாது. கடி வாங்கியவர் விடியும்போது வயிற்று வலி, வாந்தி என்று எழுந்திருப்பார். கொஞ்ச நேரத்தில் இமை இறங்கும், எச்சில் விழுங்க முடியாது, அப்புறம் மூச்சுத் தசைகள் செயலிழக்கும். வாயுக் கோளாறு என்று ஊசி போட்டு அனுப்பி, மதியத்துக்குள் ஆள் இறந்துபோன கதைகள் நம் மாவட்ட மருத்துவமனைகளில் உண்டு. 'வயிற்று வலி' என்று வருகிறவரிடம் 'எங்கே படுத்தீர்கள்' என்று கேட்கத் தோன்றுவதுதான் அந்த நேரத்தில் உயிரைத் தீர்மானிக்கிறது.

உங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும் என்கிறீர்கள். அந்த நோயாளியின் வீட்டாரும் அப்படிப்பட்ட ஓர் ஊரிலிருந்துதானே வந்திருப்பார்கள்? அவர்கள் பாம்பு என்று சொல்லவில்லையே, வயிற்று வலி என்றுதானே கூட்டி வந்தார்கள்? ஊரில் கேட்டு வளர்ந்த ஒரு விஷயம், ஃபார்மகாலஜியில் படித்த நரம்பு - தசைச் சந்திப்பு, எதிரில் நிற்கிற மனிதரின் இமை, இந்த மூன்றையும் ஒரே நிமிடத்தில் கோத்துப் பார்த்தது நீங்கள். பார்த்ததும் பெரியவர்களைக் கூப்பிட்டீர்கள். நோயாளியிடம் கேட்பது, பார்ப்பது, சந்தேகப்படுவது, உதவிக்கு ஆள் அழைப்பது. உங்கள் வேலை இதுதான். வேறு எதையோ மருத்துவம் என்று எதிர்பார்த்துக்கொண்டு, கையில் இருப்பதை மருத்துவம் இல்லை என்கிறீர்கள்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. அந்த நோயாளிக்கு ஏற்றிய எதிர்மருந்தைத் தயாரிக்க முதலில் பாம்பின் விஷம் வேண்டும். பல ஆண்டுகளாக நம் நாட்டில் அந்த விஷத்தில் பெரும்பகுதியை எடுத்துத் தருவது, 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில் இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் தடம் பார்த்துப் பிடிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். பள்ளிக்கூடம் தராத அறிவு அது. அந்த அறிவின்மேல்தான் ஐ.சி.யூ.வே நின்றுகொண்டிருந்தது, அன்று காலை. ஊரிலிருந்து வந்த அறிவு என்பதால் மட்டும் அது தாழ்ந்தது என்று நினைக்க உங்களுக்கு யாரோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

யார் என்று பார்த்தால், 7.5 பேச்சில் வந்து நிற்கிறோம்.

இதில் உங்களிடம் மழுப்பிப் பேச விருப்பமில்லை. பொதுப் போட்டியில் வந்த உங்கள் நண்பரின் நீட் மதிப்பெண் உங்களுடையதைவிட அதிகமாக இருந்திருக்கலாம். நிறையவே அதிகமாக இருந்திருக்கலாம். அதை ஒத்துக்கொள்வதால் உங்களுக்கு ஒரு குறையும் வந்துவிடாது. அந்தத் தேர்வு ஒருநாள் மூன்று மணி நேரத்தில் 180 கேள்விக்கு நீங்கள் எப்படி விடை எழுதினீர்கள் என்பதை அளந்தது. அந்த நாளுக்கு முன் கோச்சிங் சென்டரில் ஒன்றிரண்டு வருடம் உட்கார முடிந்ததா, கட்டணம் கட்ட அப்பாவால் முடிந்ததா என்பதெல்லாம் மதிப்பெண்ணுக்குள் தெரியாமல் கலந்திருக்கிறது. நீட் வந்தபிறகு அரசுப் பள்ளியிலிருந்து அரசு மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலை இருந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கலையரசன் குழு அதை ஆராய்ந்தது. 2020-ல் சட்டம் வந்தது, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. சென்னை உயர் நீதிமன்றம் 2022-ல் அந்தச் சட்டம் செல்லும் என்றது. உங்களுக்குக் கிடைத்தது தர்மம் இல்லை, சட்டப்படி உங்களுக்கு உரிய இடம்.

உள்ளே வந்தபிறகு என்ன நடந்தது? நான்கு பல்கலைக்கழகத் தேர்வுகள். விடைத்தாளில் எந்த ஒதுக்கீட்டில் வந்தவர் என்று எழுத இடமில்லை. பாஸ் மார்க்கும் எல்லாருக்கும் ஒன்றுதான். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் உங்களுக்குக் கேஸ் கொடுத்து, எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்டுத்தான் தேர்ச்சி போட்டார். தமிழ் வழியில் படித்துவிட்டு, முதலாண்டு அனாடமியை ஆங்கிலத்தில் படித்து, அரியர் இல்லாமல் வெளியே வந்திருக்கிறீர்கள். நுழைவுத் தேர்வின் எண்ணை ஐந்தாறு வருடம் கழித்தும் உங்கள்மேல் ஒட்டுகிறவருக்கு, இந்த நான்கரை வருடம் மட்டும் கண்ணில் படவில்லை.

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். சிரிப்போடு சொன்னதால் கோபப்படவும் முடியாமல், உள்ளே போட்டு வைத்துக்கொண்டீர்கள். அடுத்த தடவை சொன்னால், குரலை உயர்த்தாமல், "ஆமா, 7.5-ல வந்தேன். இப்ப ஏன் அதைச் சொல்ற?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் வராது. நோயாளி முன்னாலோ, ரவுண்ட்ஸிலோ, திரும்பத் திரும்பவோ சொன்னால் அது கேலி என்ற வரம்பைத் தாண்டிவிட்டது. யூனிட் சீஃபிடமோ கல்லூரியின் புகார்க் குழுவிடமோ எழுத்தில் கொடுங்கள். உங்கள் சந்தேகத்தில் ஒரு பங்கு வெளியிலிருந்து போட்டது. அந்தப் பங்கை நீங்கள் மட்டும் மூச்சுப் பயிற்சி செய்து சரிசெய்ய முடியாது, சரிசெய்ய வேண்டிய பொறுப்பும் உங்களுடையது அல்ல.

இங்கே உபயோகமான ஓர் ஆய்வு உண்டு. கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் என்ற இருவர் 2011-ல் வெளியிட்டது. அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் முதலாண்டு மாணவர்களுக்கு, சீனியர்கள் சொன்ன அனுபவங்களைப் படிக்கக் கொடுத்தார்கள். 'முதலில் எங்களுக்கும் இது நமக்கான இடம் இல்லை என்றுதான் தோன்றியது, நாளாக நாளாகப் போய்விட்டது' என்பதுதான் அவற்றின் சாரம். ஒரு மணி நேர வேலை. அடுத்த மூன்று ஆண்டுகளில் அதைப் படித்த கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்தது, வெள்ளை மாணவர்களோடு இருந்த இடைவெளி பாதியாகக் குறைந்தது. பின்னால் பல கல்லூரிகளில் பெரிய அளவில் செய்து பார்த்தபோது, அந்த மாணவர்களுக்கு உண்மையிலேயே இடம் கொடுத்த கல்லூரிகளில்தான் இது பலித்தது. இரண்டு பாதியும் முக்கியம். அதனால் உங்கள் பி.ஜி. அண்ணாவிடமோ அக்காவிடமோ, டீ குடிக்கும் நேரத்தில், "உங்க முதல் எல்.பி. எப்படிப் போச்சு?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். கை நடுங்கியது, ரத்தம்தான் வந்தது, சீனியர் ஊசியை வாங்கிக்கொண்டார் என்றெல்லாம் கதை கதையாக வரும்.

எல்.பி. என்று வந்துவிட்டது. இப்போது அந்த 'நகர்ந்துவிடுவேன்' வரி.

எனக்கு ஒன்றும் தெரியாது என்பது ஒரு தீர்ப்பு. அதைச் சோதித்துப் பார்க்க வழியில்லை. எனக்கு லம்பார் பங்ச்சர் தெரியாது என்பது ஒரு தகவல். அதற்கு மருந்து இருக்கிறது, கற்றுக்கொள்வது. உங்கள் மனதில் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. எல்.பி. தெரியாது என்று ஒருவருக்குத் தெரிந்தால் மொத்தமும் தெரியாது என்று தெரிந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள். அதனால் நகர்கிறீர்கள். நகர்ந்ததால் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு போகிறது. அடுத்த மாதம் இன்னும் வெட்கமாக இருக்கும், இன்னும் வேகமாக நகர்வீர்கள். பயிற்சிக் காலம் 12 மாதம்தான். அது முடிந்தபின் கேட்பதற்கு இப்போது இருப்பதைப்போல இரண்டு மடங்கு தைரியம் வேண்டும்.

மற்ற வேலைகளில் இதனால் பாதிக்கப்படுவது பெரும்பாலும் அவரவர் நிம்மதி. நம் வேலையில் கட்டிலில் இன்னொருவர் படுத்திருக்கிறார். தெரியாததால் ஒரு ஹவுஸ் சர்ஜன் நோயாளிக்குத் தீங்கு செய்வது குறைவு, ஏனென்றால் மேலே ஆள் இருக்கிறது. தெரியாததை மறைப்பதால்தான் தீங்கு வருகிறது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகள் உங்களை மேற்பார்வையில்தான் வேலை செய்யச் சொல்கின்றன. உங்களிடம் இப்போது இருப்பதே தற்காலிகப் பதிவுதான். அதாவது, உங்களுக்கு இன்னும் எல்லாம் தெரியாது என்பது அரசாங்கத்துக்குத் தெரியும், சீஃபுக்குத் தெரியும், வார்டு சிஸ்டருக்கு நன்றாகவே தெரியும். கண்டுபிடிக்கப்படுவதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை, அம்மா.

எப்படிக் கேட்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலருக்கும் அங்கேதான் தொண்டை அடைக்கிறது. எல்.பி.க்கு: "சார், நான் இன்னும் பண்ணதில்ல. ரெண்டு பார்த்திருக்கேன். அடுத்தது வந்தா நீங்க பக்கத்துல நின்னா நான் போடறேன்." இவ்வளவுதான். அதற்கு முந்தின நாள் ஸ்கில் லேபில் பொம்மையில் ஒரு தடவை செய்து பாருங்கள். நோயாளியை ஒழுங்காக வளைத்துப் படுக்க வைப்பதில்தான் பாதி வேலை. அந்தப் பாதியை முதல் நாளே நீங்கள் செய்துவிடலாம். நடுராத்திரி போனுக்கு: "அண்ணா, பத்தாவது பெட், பி.பி. 80/50, ஒரு லிட்டர் சலைன் போயாச்சு, பி.பி. ஏறல. எனக்கு செப்சிஸோன்னு தோணுது. நீங்க வந்து பார்க்கணும்." என்ன நடக்கிறது, என்ன செய்தேன், என்ன நினைக்கிறேன், உங்களிடம் என்ன வேண்டும், இதே வரிசை. 'என்ன நினைக்கிறேன்' என்பதைத் தயவுசெய்து விடாதீர்கள். அது தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. நினைக்கப் பழகுவதற்குத்தான் இந்த வருடம். ராத்திரி எழுப்பினதற்குச் சிலர் எரிந்து விழுவார்கள். விழட்டும். எழுப்பாமல் விட்டு, காலையில் பத்தாவது பெட் காலியாக இருந்தால் அதை எந்தச் சீனியரும் மன்னிக்க மாட்டார். நீங்களும் உங்களை மன்னிக்க மாட்டீர்கள்.

பயிற்சியில் செய்ததையெல்லாம் பதிவு செய்யும் லாக் புக் உங்களிடம் இருக்கிறது. கடைசி வாரத்தில் கையெழுத்து வாங்குவதற்கு என்று மட்டும் அதை வைத்திருப்பது பலரின் வழக்கம். நீங்கள் அதை வேறு விதமாகப் பயன்படுத்துங்கள். பின்பக்கத்தில் ஒவ்வொரு செயல்முறைக்கும் எதிரே பார்த்தது, உதவியது, மேற்பார்வையில் செய்தது, தனியாகச் செய்தது என்று நான்கு கட்டம் போட்டு, நடந்த தேதியை எழுதி வாருங்கள். நாலு நல்ல வார்த்தையை நாட்குறிப்பில் எழுதி வைத்துப் படியுங்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. உங்களைப் போன்றவர்கள் நல்ல வார்த்தையை நம்ப மாட்டார்கள். தேதியை நம்புவார்கள்.

பாராட்டு வந்தால்? "நன்றி சார்." அதோடு வாயை மூடிக்கொள்ளுங்கள். 'இல்ல சார், அது வந்து, சும்மா...' என்று ஆரம்பிக்காதீர்கள். ஒவ்வொரு மறுப்பும் நமக்கு நாமே கொடுத்துக்கொள்ளும் எதிர்சாட்சி.

கேஸ் ஷீட்டைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதைப் பற்றி. கிளான்ஸ் இதை ஒரு சுழற்சியாக விளக்கினார். வேலை வருகிறது, பயம் வருகிறது, அளவுக்கு மீறி உழைக்கிறோம் அல்லது தள்ளிப்போட்டுக் கடைசி நிமிடத்தில் விழுந்து விழுந்து செய்கிறோம், நன்றாக முடிகிறது. உடனே 'மூன்று தடவை பார்த்ததால்தான் தப்பித்தேன்' என்று மனம் எழுதிக்கொள்கிறது. ஒரு தடவை பார்த்தாலும் சரியாக இருந்திருக்கும் என்று தெரிந்துகொள்ள வாய்ப்பே கிடைப்பதில்லை. அதனால் அந்த வாய்ப்பை நீங்கள்தான் உருவாக்க வேண்டும். டூட்டி முடியும்போது, அடுத்த டூட்டிக்கு வருகிறவரோடு சேர்ந்து, மருந்துச் சீட்டை ஒரு தடவை, வாய்விட்டுப் படித்து ஒப்படையுங்கள். அப்புறம் ஹாஸ்டல். முதல் சில நாள் வயிற்றைப் பிசையும். போய்த் தூங்குங்கள். இரவு முழுக்க விழித்த பிறகு 'நான் டாக்டரா' என்ற கேள்விக்கு வரும் பதில் தூக்கமின்மையின் பதில். தூங்கி எழுந்து கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தச் சந்தேகம் உங்களை மோசமான டாக்டர் ஆக்கிவிடுமோ என்ற பயமும் வரிகளுக்கு இடையே தெரிகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஆய்வாளர் பசீமா டியூஃபிக் 2022-ல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சியில் இருந்த மருத்துவர்களையும் பார்த்தார். இப்படிப்பட்ட எண்ணம் உள்ளவர்கள் நோயாளியிடம் பழகும் விதத்தில் மேலாகவே மதிப்பிடப்பட்டார்கள், வேலைத் திறமையிலும் பின்தங்கவில்லை. இதைக் காட்டி, பயம் நல்லது, வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வரவில்லை. உங்கள் வேதனை வேதனைதான். ஆனால் வேதனை இருப்பதால் வேலை கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை.

ஆங்கிலத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. இருந்தாலும் தமிழ் வழியில் படித்து வந்தவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பதால் ஒரு வார்த்தை. ரவுண்ட்ஸில் கேஸ் சொல்லும்போது நாக்கு திணறினால் அது மொழியின் திணறல், மூளையின் திணறல் அல்ல. ஒரே வரிசையை வைத்துக்கொண்டு, அறையில் சத்தமாகச் சொல்லிப் பழகினால் சில வாரங்களில் சரியாகிவிடும்.

அப்புறம், ஊருக்கு முதல் டாக்டர் என்பது. அப்பா தெருவெல்லாம் சொல்லிப் பூரிப்பார். நியாயமான பூரிப்பு. கூடவே போன் வரும். பெரியப்பாவுக்கு நெஞ்சு எரிகிறது, பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல், மாத்திரை பெயர் சொல்லு. சொல்ல முடியாவிட்டால் டாக்டருக்குப் படித்தும் தெரியவில்லை என்பார்களோ என்று மனம் குறுகும். நெஞ்சு எரிச்சலுக்குப் போனில் மாத்திரை சொல்லாமல், "உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க, ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்கணும்" என்று சொல்வதுதான் முப்பது வருட அனுபவம் உள்ளவரும் செய்வது. அதை அப்பாவிடம் ஒருநாள் உட்கார வைத்துச் சொல்லுங்கள். மூட்டையின் எடையை அறிந்த மனிதர் அவர், எது தூக்க முடியாத பாரம் என்று அவருக்குப் புரியும்.

ஒரு எச்சரிக்கையையும் வைத்துவிடுகிறேன். வாரக்கணக்கில் தூக்கம் வரவில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, செத்துப்போகலாம் என்று ஒரு தடவையாவது தோன்றியது என்றால், நான் மேலே எழுதியது எதுவும் போதாது. அது மனச்சோர்வாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு. டெலி மானஸ் எண் 14416, எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். உங்கள் மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கும். அங்கே போனால் தெரிந்துவிடுமே என்று தயங்கினால் பக்கத்து மாவட்டத்தில் பாருங்கள். டாக்டர்கள்தான் இதில் ரொம்பத் தாமதமாக வருகிறார்கள். எனக்கு அது எப்போதும் வருத்தம்.

கடைசியாக, பி.ஜி.யா ஆரம்ப சுகாதார நிலையமா என்ற கேள்வி. 'ஒதுங்கிவிடலாமா' என்று எழுதியிருக்கிறீர்கள். ஆரம்ப சுகாதார நிலையம் ஒதுங்குகிற இடம் இல்லை. அங்கே ராத்திரி இரண்டு மணிக்குப் பிரசவ வலியோடு ஒரு பெண் வந்தால், கூப்பிடப் பி.ஜி. அண்ணா கிடையாது. நீங்களும் நர்ஸும்தான். தன்னை மறைத்துக்கொள்ள நினைக்கிறவருக்கு அதைவிட வெட்டவெளியான இடம் வேறில்லை. அந்த வேலை பிடித்திருந்தால் போங்கள், நம் மாநிலத்தின் சுகாதாரம் நிற்பதே அந்த நிலையங்களின்மேல்தான். பயந்து மட்டும் போகாதீர்கள். தவிர, இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்குப் பி.ஜி. படிப்பில் தனி ஒதுக்கீடு தர மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டில் அந்த வழியாகப் படித்து ஸ்பெஷலிஸ்ட் ஆனவர்கள் உங்கள் மருத்துவமனையிலேயே இருப்பார்கள்.

தகுதி இருக்கிறதா என்று கேட்டீர்கள். அதை முடிவு செய்யத்தான் தேர்வு இருக்கிறது. எழுதுவதற்கு முன்னாலேயே நீங்கள் விடைத்தாளைத் திருத்த வேண்டாம். எந்தத் துறை ஆசை என்று கடிதத்தில் இல்லை. மெடிசினாக இருக்கும் என்று எனக்கு ஓர் ஊகம். எதுவாக இருந்தாலும், இப்போது அந்தத் துறையில் பி.ஜி. படிக்கிற ஒருவரிடம் இந்த வாரமே போய், டூட்டிக்கு நடுவே எப்படிப் படித்தார், எதில் ஆரம்பித்தார், முதல் தடவையிலேயே கிடைத்ததா என்று கேளுங்கள்.